ஆளில்லாத வீடு

விறகடுப்பு அறைக்குள்ளேயே புகையைத் துப்பத் தொடங்கியதும் அல்பேர்ட் அதனிடம் மரியாதையாகத்தான் கேட்டான்.

"நேற்று விடிய வரைக்கும் ஒழுங்காத்தானே எரிஞ்சனி?"

"நேற்று முழுக்க நூத்து வைச்சதில கோவிச்சிட்டுதாக்கும்," என்றாள் அவன் மனைவி இமெல்டா.

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம். பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிய கிராமத்தில், அகதிகளுக்கென்று கொடுத்த பழைய வீடு. வீட்டைச் சூடாக்க அந்த இரும்பு அடுப்பு ஒன்றுதான் இருந்தது. மூன்று வயது மகள் அன்ரனிற்றா இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சூடு வேண்டும்.

அடுப்பை அணைத்ததற்குக் காரணம் இருந்தது. கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி, தோளில் சுருட்டிய கம்பிக் கயிறு என்று ஒருவன் இந்த மாதத்தில் நான்கு தரம் வந்து கதவைத் தட்டியிருந்தான். அல்பேர்ட்டின் அகதி விண்ணப்பமோ நிராகரிக்கப்பட்டு வழக்கில் கிடந்தது. பிராங்பேர்ட்டில் இருந்த ஊர்க்காரர் மகேந்திரராஜா அண்ணைக்கு ஜேர்மன் பாஷை தெரியும். ஆகவே எல்லாமே தெரியும்.

"பிடிச்சு அனுப்பத்தான் வாறாங்கள். கதவைத் திறவாதை. ஆக்கள் இருக்கிற அசுமாத்தமே தெரியக்கூடாது. நான் வந்தால் மூண்டு தட்டுத் தட்டுவன்," என்று அவர் சொல்லியிருந்தார்.

அல்பேர்ட் சொன்னதைச் செய்கிறவன். தெருமுனையில் அந்தத் தொப்பி தெரிந்தாலே அடுப்பில் தண்ணீரை ஊற்றுவான், மகளின் வாயைப் பொத்துவான். நேற்று அந்த மனிதன் தட்டிப் பார்த்துவிட்டுக் கூரைக்கே ஏறிவிட்டான். மூவரும் கட்டிலுக்குக் கீழே கிடந்து சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"ஓட்டைப் பிரிச்சு இறங்கப்போறானோ?" என்று இமெல்டா நடுங்கினாள்.

அவன் இறங்கிப் போன பிறகும் பயத்தில் அடுப்பை மூட்டவில்லை. இன்றைக்கு மூட்டினால் இந்தக் கூத்து.

இமெல்டா ஒரு குழாயை எடுத்து ஊதினாள். புகை இரண்டு மடங்கானது. ஜன்னலைத் திறந்தாள். புகை போன வழியால் குளிர் வந்தது. பிள்ளை இன்னும் இருமியது. எதிர்வீட்டுக் கிழவி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"பூட்டும்! ஆக்கள் இருக்கினமெண்டு ஊருக்கே காட்டுறீரோ?"

ஜன்னலைப் பூட்டி, இடுக்கெல்லாம் பசைநாடா ஒட்டி, மேலே கம்பளியும் தொங்கவிட்டான் அல்பேர்ட். இனிப் புகைக்குப் போக இடமில்லை.

"இஞ்சேருங்கோ, இவள் பிறந்த நேரம் அம்மா என்ர அறைக்க தணல்சட்டி வைச்சவ. புகையே இல்லையே?" என்றாள் இமெல்டா.

"ஓம், அது நல்ல யோசினை!"

தணலைக் கறிச்சட்டியில் அள்ளிப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். புகை வராமல் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியும் அடைத்தார்கள். ஊரில் அந்த அறைக்கு ஓலைச்சுவர், காற்றுவர நூறு ஓட்டை இருந்ததை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

அறை சுகமாகச் சூடேறியது. அரை மணித்தியாலத்தில் இமெல்டா மெதுவாகச் சொன்னாள்:

"இருமல் நிண்டிட்டுது."

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. பிள்ளையின் கன்னம் சிவந்திருந்தது. அல்பேர்ட்டுக்குத் தலை இடித்தது, வயிற்றைப் பிரட்டியது.

"புகை குடிச்சதாலதான். கொஞ்சம் படுங்கோ," என்றாள்.

அப்போது வாசற்கதவு தட்டப்பட்டது. ஆறு தட்டு, ஏழு தட்டு.

"மூண்டில்லை," என்றாள் இமெல்டா.

"மூச்சுக் காட்டாதையும்."

வெளியே நின்றது மகேந்திரராஜா அண்ணைதான். தான் வைத்த கணக்கைத் தானே மறந்துபோயிருந்தார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கம்பளியையும் கதவையும் தாண்டிப் பின்னறைக்கு வரவில்லை.

பழக்கத்தில் மகளின் வாயைப் பொத்தப் போன அல்பேர்ட்டின் கை நின்றுவிட்டது. பொத்த வேண்டிய தேவையே இல்லாமல் பிள்ளை துவண்டு கிடந்தாள்.

"அன்ரனிற்றா! கண்ணைத் திற ராசாத்தி!"

திறக்கவில்லை. இமெல்டாவும் சுவரோடு சரிந்திருந்தாள். வாசலில் நிற்பவன் யாராக இருந்தாலும் வரட்டும், பிடித்துக்கொண்டு போகட்டும் என்று அல்பேர்ட்டின் மனம் கதறியது. எழும்பக் கால் இல்லை. கையில் மிச்சமிருந்த பலத்தால் சுவரில் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

அந்த மூன்று தட்டு சுவர் வழியே வெளியே கேட்டதும் அண்ணைக்கு விளங்கிவிட்டது. அவர் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக் கூரையில் நின்ற கறுப்பு உடுப்புக்காரன் இறங்கி ஓடிவந்து கதவை உடைத்தான். மூவரையும் இழுத்து வந்து பனியில் கிடத்தினான். பிள்ளை வாந்தி எடுத்து, பிறகு வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு இமெல்டாவும் கண் திறந்தாள். அல்பேர்ட்டுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கறுப்பு உடுப்புக்காரன் கூரையை அண்ணாந்து பார்த்தான். முகம் வெளிறி அண்ணையிடம் ஜேர்மனில் ஏதோ சொன்னான். அல்பேர்ட் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"நான் போறன் அண்ணை. பிள்ளையை மட்டும் முதல்ல ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ."

மகேந்திரராஜா அண்ணை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொலிஸ் இல்லைத் தம்பி, கூரையில ஏறி அடுப்புப் புகைக்கூடு கூட்டுறவர். நாலு தரம் தட்டியும் ஒரு அசுமாத்தமும் இல்லையெண்டு, ஆளில்லாத வீடாக்குமெண்டு நேற்றுத்தான் புகைக்கூட்டைத் தகரம் போட்டு மூடினவராம்."