இடக்கையில் சாரம், வலக்கையில் சிக்னல்

பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலால் ஆகாயத்தில் இரண்டு வட்டம் போட்டார். இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இனிகோவின் முகத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, இடுப்புப் பிடிப்பா?" என்றார் இனிகோ.

"என்கிட்ட கேக்கீங்களாக்கும். காலையிலேருந்து ஊரே இடுப்பப் பிடிச்சிட்டுத்தான் அலையுது" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இனிகோவுக்கு ஒன்றும் ஓடவில்லை. துறைமுகத்தில் அவர் இருபத்திரண்டு வருடமாக சிக்னல்மேன். கப்பலின் மேல்தட்டில் நின்று அவர் கையைக் காட்டினால்தான் கிரேன் ஆபரேட்டர் சரக்கைத் தூக்கவோ இறக்கவோ வேண்டும். விரலை மேலே சுற்றினால் தூக்கு. கீழே சுற்றினால் இறக்கு. கையை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. பால்காரர் காட்டியது சுத்தமான 'தூக்கு'. எதைத் தூக்கச் சொல்கிறார் மனுசன்?

யோசித்துக்கொண்டே பாலோடு குசினிப் பக்கம் போனவரை மகள் டெல்பின் வழிமறித்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். கையில் ஃபோன், முகத்தில் திருட்டு முழி.

"அப்பா, கோவப்படாம பாக்கணும்."

பார்த்தார். பகீரென்றது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, புதுத் தண்ணீர் டேங்கை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். மச்சினன் ஆன்றோவும் இன்னும் இரண்டு பேரும் மேலே நின்று கயிற்றை இழுக்க, கீழே நின்று சிக்னல் கொடுத்தவர் இனிகோ. வாயால் சொன்னாலே போதும், பத்தடி உயரம்தான். ஆனால் கை கேட்டால்தானே? கையோடு தோளும், தோளோடு இடுப்பும் சேர்ந்து ஆடின. பாதி உயரத்தில் டேங்க் போகும்போது, லுங்கியாக இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்தது. இனிகோ அசரவில்லை. இடது கையால் சாரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சிக்னலைத் தொடர்ந்தார். டேங்க் மேலே போய்ச் சேரும்வரை விரல் நிற்கவேயில்லை. இத்தனையையும் டெல்பின் படம் பிடித்து, குத்துப் பாட்டு மேளம் ஒன்றைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள்.

"எத்தன பேரு பாத்திருக்கான்?"

"நாலு லட்சம்."

"ஏளா, நம்ம ஊர்லயே அவ்வளவு பேரு இருக்கானா?"

"வெளியூர்க்காரங்களும் பாப்பாங்கப்பா."

இனிகோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமை ஃபோர்மேன் லிஸ்ட் வருகிறது. ஆறு வருடமாக அவர் வழி பார்த்துக் காத்திருந்த பதவி. ஃபோர்மேன் ஆனால் முப்பது பேர் அவர் சொன்ன சொல்லுக்கு நிற்க வேண்டும். சாரம் அவிழ்ந்ததை நாலு லட்சம் பேருக்குக் காட்டின மனுசன் சொல்லை எவன் மதிப்பான்?

"முதல்ல அத அழி" என்றார்.

அழித்தாள். அதற்குள் அதை ஆயிரம் பேர் எடுத்து வைத்திருந்தார்கள். 'நீக்கப்பட்ட வீடியோ' என்று தலைப்புப் போட்டு அவரவர் பக்கத்தில் ஏற்றினார்கள். நீக்கியது என்றதும் என்னமோ ஏதோ என்று பார்க்க வந்த கூட்டம் தனி. செவ்வாய்க்கிழமை காலையில் அது இருபது லட்சமாயிற்று. 'சாரம் ஸ்டெப்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையூரணியில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பட்டு வேட்டியைப் பிடித்தபடியும், பொண்ணு சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடியும் விரலைச் சுற்றிக்கொண்டே மேடையேறினார்களாம். அந்த வீடியோவையும் டெல்பின்தான் காட்டினாள். இனிகோ ஃபோனைத் தள்ளி வைத்தார்.

"விளக்கம் சொல்லிருவோம்" என்றார். "இது டான்ஸ் இல்ல, தொழில்னு எடுத்துச் சொன்னா சனங்களுக்குப் புரியும்."

"பேசாம இருந்தாலே நாலு நாள்ல மறந்துருவாங்க" என்றாள் மனைவி விஜிலா.

பேசாமல் இருக்கிற ஆளா அவர்? ஹெல்மெட், மினுமினுக்கிற மஞ்சள் கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, பீரோ முன்னால் விறைப்பாக நின்றார். டெல்பின் படம் பிடித்தாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே, இது கேளிக்கை அல்ல. இது கிரேன் சிக்னல். இது தூக்கு. இது இறக்கு. இது இடப்பக்கம். இது வலப்பக்கம். இது மெதுவாக. இது அவசர நிறுத்தம். தயவுசெய்து யாரும் விளையாட்டாகச் செய்ய வேண்டாம்."

ஒவ்வொன்றையும் இரண்டு தரம் நிதானமாகச் செய்தும் காட்டினார். மேளம் சேர்க்கக் கூடாது என்று மகளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். மேளத்தை ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

"இத்தனை நாள் தப்பா ஆடிட்டோம், மாஸ்டர் பொறுமையாச் சொல்லிக் குடுத்துட்டாரு" என்று எழுதியிருந்தான் ஒருவன். அதற்கு முப்பதாயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

"நேத்து வரைக்கும் ஒரு ஸ்டெப்தான் இருந்துச்சு" என்றாள் விஜிலா. "இப்ப ஆறாக்கிட்டீங்க."

புதன்கிழமை ஒரு ஜவுளிக்கடையிலிருந்து ஃபோன் வந்தது. கடைத் திறப்புக்கு வர வேண்டுமாம், கட்டாயம் சாரம் கட்டித்தான் வர வேண்டுமாம். இனிகோ ஃபோனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டார்.

வியாழக்கிழமை மரத்தடிகளோடு ஒரு கப்பல் வந்திருந்தது. இன்றைக்கு உடம்பில் ஒரு நரம்பு ஆடக் கூடாது என்று முடிவெடுத்து, மேல்தட்டில் சிலை மாதிரி நின்றார் இனிகோ. விரலை மட்டும் கீழே சுற்றினார். இறக்கு.

கீழே தளத்தில் நின்ற தொழிலாளிகள் பத்துப் பேரும் விரலைக் கீழே சுற்றினார்கள். கையை நீட்டினார். பத்துப் பேரும் நீட்டினார்கள். இனிகோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால், கப்பலின் மாலுமிகள், தமிழில் ஒரு எழுத்து தெரியாத பிலிப்பைன்ஸ்காரர்கள், வரிசையாக நின்று அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கால்சட்டையைக்கூடக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"ஏலே, சும்மா நில்லுங்கலே" என்று கத்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் இனிகோ. அது அவசர நிறுத்தம். ஆறாவது ஸ்டெப். துறைமுகமே கையை விரித்தது.

மரத்தடி என்னமோ ஒரு குறையும் இல்லாமல் பூப்போல இறங்கியது. ஆனால் அதையும் யாரோ படம் பிடித்திருந்தார்கள். அது நேரே போய்ச் சேர்ந்த இடம், பாதுகாப்பு அதிகாரி நேசக்குமாரின் மேசை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நாளைக்கு லிஸ்ட், இன்றைக்கு விசாரணை. இனிகோ மஞ்சள் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே போனார்.

நேசக்குமார் கோபக்காரர் இல்லை. சாந்தமாகப் பேசுவார், அதுதான் பயம்.

"உக்காருங்க இனிகோ. என் வீட்டுலயும் பிள்ளைங்க ஆடுதுங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா ஒரு கேள்வி. கீழ பத்து பேரு, மேல எட்டு பேரு, எல்லாவனும் கை காட்டுதான். ஆபரேட்டரு யாரு கையப் பாத்து லோடு எறக்குவாரு? நாளைக்கு ஒரு மரத்தடி ஆள் மேல விழுந்தா?"

"விழாது சார்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

இனிகோவுக்கு அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது. இந்த வாரம் முழுக்க யாரும் கேட்காத கேள்வி. தொழிலைப் பற்றிய கேள்வி.

"சார், ஊரு என் கையப் பாத்துச் சிரிக்கலாம். ஆனா இந்தக் கை கப்பல்ல இருவத்திரண்டு வருசம் நின்ன கை. ஒரு சாக்கு கிழிஞ்சதில்ல, ஒரு ஆளுக்குக் கீறல் பட்டதில்ல. பதினோரு வருசமா ஆபரேட்டரு சுடலைக்கண்ணன்தான் நம்ம கிரேன்ல. நூறு பேரு கை காட்டட்டும், அவன் கண்ணு என் விரல விட்டு அங்கன இங்கன போகாது. நான் விரலச் சுண்டினா அவன் லிவரச் சுண்டுவான். நானும் அவனும் நின்னு பேசிக்கிட்டதுகூடக் கம்மி சார். எல்லாம் கை பேசும்."

நேசக்குமாருக்கு மனசு இளகிவிட்டது.

"அவரு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா போதும். நான் ஃபைல மூடிருதேன். லிஸ்ட்டுல உங்க பேரு அப்படியே இருக்கும்."

"இப்பவே கூப்பிட்டுக் கேளுங்க சார்" என்றார் இனிகோ.

கூப்பிட்டார்கள். சுடலைக்கண்ணன் காலையில் கிரேன் கூண்டுக்குள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறவர். சாப்பாடே மேலேதான். அத்தனை ஏணிப்படியும் இறங்கி, வேர்த்து வழிந்து வந்து நின்றவர், இனிகோவைக் கண்டதும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, வீடியோ பாத்தேன். ரெண்டாவதா போட்டீங்கல்லா, விளக்கமா, அதத்தான் நாலஞ்சு தடவ பாத்தேன். அசந்துட்டேன்."

இனிகோ பெருமையாக அதிகாரியைப் பார்த்தார். "நீ சாருகிட்ட சொல்லுப்பா. நான் காட்டுத சிக்னல மேல இருந்து எப்படிப் பாக்க, எப்படிப் புரிஞ்சிக்கிடுத?"

சுடலைக்கண்ணன் பிடித்த கையை விடவில்லை.

"நல்லவேள அண்ணாச்சி, அந்த வீடியோவப் போட்டீங்க. பதினோரு வருசமா நீங்க அங்கன நின்னு ஈ ஓட்டுதீங்கன்னுல்லா நான் நெனச்சிட்டு இருந்தேன்."