கம்பி நிமிர்த்திய படலம்

வாழ்க மர்டோ கில்பிரைடு! ஒட்டாவாப் பெரும்பனிக்கு அஞ்சாத உரவோன், ஈரடுக்குக் கம்பளிக் காலுறை பூண்ட கழற்காலன், மனைவி பின்னிய செங்குஞ்சக் கழுத்துத்துணியை ஆய்வகத்துக்குள்ளும் கழற்றாத கொள்கைவேள்! அவன் வீரத்தைப் பாடப் புகுந்த நாவே, சிரிப்பை அடக்கிக்கொள்.

போர் மூண்டது ஹீலியத்தால். ஆய்வகத்தில் திரவ ஹீலியம் தயாரிக்கும் எந்திரம் ஒன்றே. அதற்கு அரசி எட்னா வெக்ஸ்கம். மர்டோவும் சக ஆய்வாளன் லூசியன் சாரெட்டும் ஒரே சுருளில் வெட்டிய தூய செம்புக்கம்பியைத் தனித்தனியே உலையிலிட்டுப் பதமாக்கிக்கொண்டிருந்த வேளையில், அவள் இருவரையும் அழைத்துப் பிரகடனம் செய்தாள்:

"யாரு கம்பி மின்சாரத்தக் கம்மியா மறிக்குதோ, அவங்களுக்குத்தான் இந்தக் குளிர்காலம் பூரா ஹீலியம். தோத்தவங்க எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

ஹீலியத்தின் குளிரென்றால், வெளியே கால்வாய் உறைந்து கிடந்த குளிர் அதற்குக் கொதிக்கும் உலை. அங்கே அணுக்கள் ஆட்டம் அடங்கி நிற்கும். மின்னோட்டத்தை மறிப்பவை உலோகத்தில் கலந்த அழுக்கும், வளைத்தாலோ இழுத்தாலோ உள்ளே குலைந்துபோகும் அணு வரிசைகளுமே. ஒரே சுருள் ஆகையால் அழுக்கில் இருவரும் சமம். எனவே வளையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவனுக்கே வாகை!

லூசியன் முந்திக்கொண்டான். அவன் கம்பி குளிரில் மூழ்கியபோது, மின்தடைக்கேற்ப நகரும் மானியின் ஒளிப்புள்ளி, மாமியார் வீட்டுப் புது மருமகனைப் போல, இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

இனி மர்டோவின் படையெடுப்பு. கம்பியைத் தட்டிலேந்தி, கருவுற்ற யானை கண்ணாடிப் பாலம் கடப்பதுபோல் அடிமேல் அடிவைத்து நடைக்கூடத்தில் அவன் எழுந்தருளினான்.

"என்னப்பா மர்டோ, சாமி ஊர்வலமா? நான் வேணா ஒரு கை புடிக்கட்டுமா?" என்றான் லூசியன்.

"தள்ளி நில்லுய்யா! மூச்சக்கூட அந்தப் பக்கமாத் திரும்பி விடு!"

கதவென்னும் கோட்டைவாயில் கடந்தான். தும்மலென்னும் அசுரனைப் பல்லைக் கடித்து வென்றான். குளிர்க்கலத்தின் மேல் வெற்றி முறுவலுடன் குனிந்தான். அந்தோ! தோளிலிருந்து நழுவிய கழுத்துத்துணியின் குஞ்சம் ஒன்று கம்பியில் சிக்கி, பாசத்தோடு ஓர் இழுப்பு இழுத்தது. வெண்ணெயினும் மெல்லிய செம்பு வளைந்தது.

மர்டோ இடம் பார்த்தான், வலம் பார்த்தான். லூசியன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். எட்னா ஹீலியக் குடுவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கம்பியைப் பிடித்து, அம்பும் வெட்கும்படி ஒரே நீவலில் நிமிர்த்திவிட்டான். யாரும் பார்க்காதது எப்படி ஊருக்குத் தெரிந்தது என்று கேட்பது நாகரிகமன்று.

கம்பி குளிரில் இறங்கியது. ஒளிப்புள்ளியோ, கட்டவிழ்த்த காளையெனப் பாய்ந்து, லூசியனின் எல்லையைத் தாண்டி, மேலும் தாண்டி, மானமின்றிப் போய் நின்றது.

"வளைச்சிட்டியா?" என்றான் லூசியன்.

"எங்கய்யா வளைஞ்சுது? நீயும் பாத்தேல்ல? கோடு போட்ட மாதிரி இருந்துச்சு!"

"ஆமா, நானும் பாத்தேன்," என்றாள் எட்னா. "உலையிலேருந்து வர்ற கம்பி கொஞ்சம் தொங்கலாத்தான் இருக்கும். இவ்வளவு நேரா நான் பாத்ததே இல்ல. நிமித்தினியா?"

நிமிர்த்துவதும் இன்னொரு வளைப்பே, கண்ணுக்கு நேரான கம்பிக்குள் குலைவு இரட்டிப்பாகும் என்று சென்ற ஆண்டு மேடையேறி முழங்கி, கைதட்டலும் வாங்கியவன் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அந்தக் கொள்கைவேளேதான்.

"அன்னிக்கு நான்தான் முதல் வரிசையில உக்காந்து கைதட்டினேன்," என்று லூசியன் காப்பியை நீட்டினான்.

வாகை சூடியோர் ஆர்ப்பரிக்க, வானம் பனி பொழிய, குளிர்கால ஹீலியம் முழுதும் மாற்றான் குடுவைக்குள் குளிர்ப்புகை கக்கியபடி இறங்கக் கண்ட மாவீரன் மர்டோ நெடுமூச்செறிந்தான்.

பிறகு கழுத்துத்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.