அலமாரிக்குள்ளேர்ந்து வந்த எஞ்சினீயர்

அன்னிக்கு நேக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு அலமாரிய இந்த ரூம்லேர்ந்து பக்கத்து ரூமுக்கு மாத்தணும்.

அவ்வளவுதான். இருபதடி தூரம்.

எழுபதுகள்ல நடந்த சங்கதி இது. விழிஞ்ஞம் போற வழில, கடலப் பாத்தாப்ல ஒரு பழைய மாளிகை. அந்தக் காலத்துல பெரிய மனுஷா வந்து காத்து வாங்கின இடம். அதை நட்சத்திர ஹோட்டலா மாத்திண்டிருந்தா. நான் வலியசாலைலேர்ந்து தினம் பஸ் பிடிச்சுப் போற தற்காலிக சூப்பர்வைசர். கம்பெனி சேர்மன் அன்னிக்கு டெல்லிலேர்ந்து பாக்க வரார். அவர் திருப்தியாப் போனா என் வேலை நிரந்தரமாகும்னு எஞ்சினீயர் குறுப் சார் சொல்லியிருந்தார்.

குறுப் சார் நல்ல மனுஷர். மலையாளத்துல திட்டுவார், தமிழ்ல சமாதானம் சொல்வார்.

"ஸ்வாமி, சேர்மன் பதினோரு மணிக்கு எத்தும். கடல் தெரியற பெரிய ரூம்ல இந்த அலமாரி வேண்டா. அப்புறத்து ரூம்ல போட்டா மதி."

"இதென்ன சார் பிரமாதம்!"னேன்.

சொல்லிட்டுத்தான் அலமாரியத் திரும்பிப் பாத்தேன்.

ஈட்டி மரம். ரெட்டைக் கதவு. ஆள் ஒசரத்துக்கு மேல. உள்ள நாலு பேர் உக்காந்து சீட்டாடலாம்!

மேஸ்திரி தங்கையன், மார்த்தாண்டத்துக்காரர், அதைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். "சாரே, இது வாசல்ல கடக்காது பாத்துக்கிடுங்க."

"டேப் வெச்சு அளந்தாச்சு மேஸ்திரி. ரெண்டு இஞ்ச் இடம் மிச்சம் இருக்கு."

அளந்தது நெஜம். ஆனா அலமாரியோட நெத்தில கிரீடமாட்டம் ஒரு செதுக்குவேலை, ரெண்டு பக்கமும் நீட்டிண்டிருந்தது. அதை அளக்கலை. அலங்காரத்தையெல்லாம் யாராவது அளப்பாளா?

ரூமுக்குள்ள நின்னு மேஸ்திரியோட ஆட்கள் மூணு பேர் தள்ளினா. வெளில நானும் தங்கையனும் இழுத்தோம். குறுப் சார் உள்ள ஜன்னலண்ட நின்னுண்டு பெயிண்ட்டைச் சரிபாத்துண்டிருந்தார்.

வாசல்ல வந்ததும் கிரீடம் இடிச்சுது.

அப்போ விட்டிருக்கலாம். நேக்குத்தான் மூளை வேலை செய்யறதே! சமையல்கட்டுலேர்ந்து ஒரு குப்பி தேங்காயெண்ணெய் வாங்கிண்டு வந்து, நெலைலயும் கிரீடத்துலயும் நன்னாத் தடவினேன்.

"ம்! இப்போ தள்ளுங்கோ!"

டக்!

வழுக்கிண்டு பாதி வந்துது. அப்பறம் நின்னுடுத்து. முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை. பாட்டில்ல அடைச்ச தக்கையாட்டம் வாசலை அடைச்சுண்டு உக்காந்துடுத்து.

"பின்னால இழுங்கோ!"

"இழுக்கோம் சாரே, அசைய மாட்டேங்கு!" அலமாரிக்குப் பின்னாலேர்ந்து சத்தம் வந்துது.

அடுத்தாப்ல குறுப் சார் குரல். "ஸ்வாமீ! எந்தா அங்கே?"

"ஒண்ணுமில்லை சார்."

"ஒண்ணுமில்லேன்னா நான் எப்படி வெளில வரும்?"

நியாயமான கேள்வி. அந்த ரூமுக்கு வேற வாசல் கெடையாது. ஜன்னல் பூராக் கம்பி. பால்கனி உண்டு. பால்கனிக்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே கடல்.

மணி பத்தே முக்கால். கீழ கார் ஹாரன் கேட்டுது. சேர்மன் சீக்கிரமே வந்துட்டார்!

குறுப் சார் மலையாளத்துக்கு மாறினார். அதை இங்கே எழுத முடியாது.

தங்கையன்தான் யோசனை சொன்னார். "சாரே, முதுகுப் பலகை லேசாத்தான் இருக்கு. உள்ள நிக்கியவன்மாரு அதைக் கழத்தட்டும். எஞ்சினீயர் சாரு அலமாரிக்குள்ள ஏறி, கதவைத் தொறந்து இந்தால வந்திரலாம்."

"மேஸ்திரி, நீங்க தெய்வமாக்கும்!"

உள்ள சடசடன்னு பலகை பேந்துது. குறுப் சார் அலமாரிக்குள்ள ஏறற சத்தம் கேட்டுது. பின்னாடியே மத்த மூணு பேரும் ஏறினா. இந்தப் பக்கம் கதவு பூட்டியிருந்தது. தூக்கறச்சே தொறந்துக்கப் போறதேன்னு நான்தான் ஜாக்கிரதையாப் பூட்டி, சாவிய சட்டைப் பையில போட்டுண்டிருந்தேன்.

சாவிய எடுத்தேன். கையெல்லாம் எண்ணெய். வழுக்கிக் கீழ விழுந்துது. எடுத்தேன். மறுபடியும் விழுந்துது.

"துறக்கெடோ!" உள்ளேர்ந்து குத்து விழறது.

மாடிப்படில ஷூ சத்தம்.

வேஷ்டித் தலைப்பால சாவியப் பிடிச்சு ஒரு திருகு திருகினேன். கதவு ரெண்டும் படார்னு தொறந்துது. அதே நிமிஷம் சேர்மனும் அவர் சம்சாரமும் மேல வந்து நின்னா.

குறுப் சார் அலமாரிக்குள்ளேர்ந்து இறங்கி வந்தார். தலையில ஒட்டடை, தோள்ல ஒரு அந்துருண்டை. ரெண்டு கையையும் கூப்பி, "வெல்கம் சார்"னார்.

அவர் பின்னாலயே ஒத்தர். அப்பறம் இன்னொருத்தர். அப்பறம் மூணாமத்தவர். மூணு பேரும் வரிசையா வந்து கும்பிட்டா.

சேர்மன் எட்டி அலமாரிக்குள்ள பாத்தார். "இன்னும் யாராவது இருக்காங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார்.

"நோ சார்!"னேன். அந்த ஒரு கேள்விக்காவது நேக்குப் பதில் தெரிஞ்சுதே!

அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "அந்தக் கடல் தெரியற ரூம் எங்கே?"ன்னா.

குறுப் சார் மெள்ள அலமாரியக் கைகாட்டினார்.

என்ன பண்றது, வேற வழியில்லையே! சேர்மன் ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுண்டு குனிஞ்சு உள்ள போனார். பின்னால அம்மா, புடவையத் தூக்கிப் பிடிச்சுண்டு. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அந்தண்டைதான் இருந்தா. நான் பெருமாளைக் கூப்பிட்டுண்டு நின்னேன்.

திரும்பி வந்ததும் சேர்மன் சொன்னார்: "கடல் ரொம்ப அழகா இருக்கு. ஆனா கெஸ்டுங்களுக்கு வேற வழி வெச்சிடுங்க."

அடுத்த வாரம் ஆர்டர் வந்துது. வேலை நிரந்தரம்! ஆனா மேஜை, நாற்காலி, அலமாரி எதுவும் என் பொறுப்புல இல்லை. சாப்பாட்டு ஹாலுக்கு ஸ்பூன் இன்சார்ஜ்.

"ஏன் சார் ஸ்பூன்?"னு குறுப் சார்கிட்ட கேட்டேன்.

அவர் தமிழ்லயே பதில் சொன்னார். "அது எந்த வாசல்லயும் நுழையும், ஸ்வாமி."