மொட்டை மாடியில் உருகிய இமயமலை

இமயமலை ஆறுகளில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்; அவர் முத்தியால்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் குடியிருந்தார். தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. காலிக் குடத்தோடு கீழே வந்து, "இன்னிக்கு வந்து போயிட்டுதாக்கா?" என்று என் மனைவியிடம் கேட்பார். அவளும் சலிக்காமல் ஒரு குடம் கொடுத்தனுப்புவாள்.

தெருவில் அவருக்குப் பெயர் ஐஸ்கட்டி. காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். மலைமேல் விழும் பனி வெயிலில் எவ்வளவு உருகி ஆற்றில் இறங்கும், உலகம் சூடாகிக்கொண்டே போனால் அது என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓடவிடுவது அவர் வேலை. கரண்ட் போனால், "ஐயோ, ஆறு நின்னுபோச்சே!" என்று மாடியிலிருந்து அலறல் வரும்.

இத்தனைக்கும் மனிதர் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்தது அரியாங்குப்பம். குளிர்ச்சியானது எதுவும் உடம்புக்கு ஆகாது. ரோஸ்மில்க் கடையில், "ஐஸ் வேணாம், லேசா சூடு பண்ணிக் குடுங்க" என்று கேட்டு, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவருக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கம்ப்யூட்டர் ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் நிஜ ஆற்றில் வடிந்துவிடும். பொங்கல் லீவு முடிவதற்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடச் சொல்லிவிட்டார் கைடு. அப்புறம் ஆயுசுக்கும் அப்பாவின் சிமெண்டு கடைதான்.

நிஜமாகவே உருக்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மீன் வண்டிக்காரரைப் பிடித்து, துறைமுகத்திலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கினார். தெர்மாமீட்டரும் கையுமாக, மப்ளர் சுற்றிக்கொண்டு, தும்மியபடியே மாடியில் உட்கார்ந்தார். ஐஸில் அடித்த மீன் வாசனைக்குத் தெருப் பூனைகள் மொத்தமும் கூடின. உருகிய தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, கீழே சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; நேரில் மரியாதையாகக் கூப்பிடுவது 'முசே' என்று.

"யோவ் ஐஸ்கட்டி! பிரான்சுல பனிய வாரி வாரிக் கொட்டுனவன் நானு. அந்தச் சனியனே வேணாம்னுதான் ஊருக்கு ஓடியாந்தேன். அத எம் மாடிக்கே கொண்டாந்துட்டியே!"

ஐஸ்கட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "முசே, நெஜப் பனிய பாத்திருக்கீங்களா? எப்டி இருக்கும்?"

"மீன் நாத்தம் அடிக்காது!"

போகி வந்தது. சொல்தா வருஷா வருஷம் தெருவே இருமும்படி கொளுத்துகிறவர். அந்த வருஷம் ஒரு பழைய நார் மெத்தை. விடிவதற்குள் மாடியெல்லாம் கரி. பூனைக்குப் பயந்து ஒரு பாளத்தை மட்டும் வேட்டியால் மூடிவைத்திருந்தார் ஐஸ்கட்டி. திறந்து கிடந்த இன்னொன்று கன்னங்கரேல் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை போட இறங்கி வந்தார். தும்மல்தான் வந்ததே தவிர சண்டை வரவில்லை.

வெயில் ஏறியது. மூடியிருந்த வேட்டியையும் எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாடியில் தடதடவென்று சத்தம். ஐஸ்கட்டி படியில் உருண்டுவராத குறையாக ஓடிவந்தார்.

"முசே! வேற ஏதாச்சும் பழசு இருக்கா? கொளுத்துங்க முசே, கொளுத்துங்க!"

சொல்தா என்னைப் பார்த்து, "முத்திடுச்சு" என்றார்.

முத்தவில்லை. வெள்ளைப் பாளம் அப்படியே குந்தியிருக்க, கரி படிந்தது பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கறுப்பு, வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். ஊர்ப் புகையெல்லாம் மலைவரை போய்ப் பனிமேல் படிவதை மனிதர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவருடைய இமயமலை புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்திருக்கிறது.

பொங்கல் முழுக்க அறையை விட்டு வரவில்லை. காணும் பொங்கலன்று கீழே வந்தார். நானும் சொல்தாவும் வாசலில் இருந்தோம்.

"ஆறு நேரத்துக்கு வந்துடுச்சு சார்."

"அப்புறம் ஏம்ப்பா மூஞ்சி இப்டி இருக்கு?" என்றேன்.

"அப்டியே இன்னும் பல வருஷம் தள்ளி ஓட்டிப் பாத்தேன் சார். சின்னச் சின்னப் பனிமலைங்க எதுவுமே மிச்சமில்ல. நான் இன்னும் ஒண்ணக்கூட பாக்கல சார்."

சொல்தா எழுந்து உள்ளே போய், பூச்சியரித்த பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார்.

"அடுத்த போகிக்குக் கொளுத்தலாம்னு வெச்சிருந்தேன். போட்டுக்கினு போ. இருக்கும்போதே பாத்துட்டு வா."

கணக்கு சரி என்று கைடு தலையாட்டினார். ஐஸ்கட்டி கோட்டோடு வடக்கே ரயிலேறியவர், அங்கேயே வேலை தேடிக்கொண்டார். ஒருநாள் போனில், "சத்தம் கேக்குதாக்கா? நெஜ ஆறு!" என்றாராம். தும்மல்தான் தெளிவாகக் கேட்டது என்றாள் என் மனைவி.

அடுத்த போகிக்கு நான் பழைய பாயோடு வாசலுக்குப் போனேன். சொல்தா படியில் உட்கார்ந்து வழியை மறித்தார்.

"உள்ள எடுத்துக்கினு போய்யா. பையனோட ஐஸ் கறுத்துடும்."

மாடியில் ஐஸும் இல்லை, பையனும் இல்லை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். அது இன்னும் எங்கள் பரண்மேல்தான் இருக்கிறது.