பனிக்கு மூன்று அடுக்கு

குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டால்தான் வாசலைத் தாண்டலாம் என்று சௌந்தரம் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றுவிட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் வரவில்லை. நடனசபாபதி புது ஷூவும் அரைக்கை பனியனுமாக, வாழ்க்கையில் முதல் முறையாக ஓடுவதற்குத் தயாராகி நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுறவன் எவனாவது குல்லா போட்டுக்கிட்டு ஓடுவானா? பாக்கறவங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து வந்த ஆளுன்னு நெனைப்பாங்க."

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போவட்டும். தலைல பனி எறங்குச்சுன்னா ஒரு மாசம் இருமுவீங்க. அன்னைக்கி இருமுனது போதாதா?"

அன்றைக்கு இருமியது லேசுப்பட்ட இருமல் இல்லை. ஆவணியில் மகள் இலக்கியாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கேசரி வாயில் இருக்கும் நேரம் பார்த்து ஊதுபத்திப் புகை தொண்டையில் ஏறி, இவருடைய பழைய ஈசனோபிலியா விழித்துக்கொண்டது. கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க அவர் இருமிய இருமலில் பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, இது பரம்பரையாக வருகிற வியாதியா என்று விசாரித்தாள். போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இலக்கியா தட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "விடுப்பா" என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது தரகர் புஷ்பவள்ளி கடலூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தாள். பையன் பெயர் ராஜ்கமல். வந்த வரனுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்குகிற இலக்கியா, இந்த போட்டோவை ஒரு தடவை பார்த்தாள், அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய் இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு "சரிப்பா" என்றாள். பெற்றவருக்கு வேறு என்ன வேண்டும்? இந்த இடம் தன்னால் கெட்டால் இனிமேல் மகள் முகத்தில் முழிக்க முடியாது என்று அவருக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், பையனின் அப்பாவுக்கு ஆரோக்கியப் பைத்தியம். ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெண்ணின் அப்பா உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறார். இந்தப் புஷ்பவள்ளியாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? நடனசபாபதி விடிந்தால் ஓடாத நாளில்லை, சிதம்பரத்தின் நாலு தேர் வீதியும் அவருக்கு அத்துப்படி என்று அளந்துவிட்டாள். மேலவீதிப் பாத்திரக் கடையில் ஸ்டூல் தேய உட்கார்ந்திருக்கிற ஆசாமி அவர். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த பஸ் வராமலா போகும் என்கிற கட்சி.

மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகவும் முடியாது. தை பிறக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். அதற்கும் புஷ்பவள்ளிதான் வழி சொன்னாள்.

"அவரு தெனமும் காலைல சில்வர் பீச்சுலதான் இருப்பாரு. ஞாயித்துக்கெழம நீங்க அங்க போயி ஓடுங்க. தற்செயலா பாத்த மாதிரி ரெண்டு வார்த்த பேசுங்க. கல்யாணம் காச்சின்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்க, மாசம் நல்லா இல்ல."

ஆக, குல்லா போட்டால் நோயாளி, போடாவிட்டால் இருமல். சௌந்தரத்திடம் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவர் குல்லாவை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பி, தெரு திரும்பியதும் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

கெட்டது அங்கேதான். கீழவீதியில் வீட்டுக்கு வீடு கோலம். மார்கழிக் கோலம் என்றால் வாசலோடு நிற்குமா, நடுத்தெருவரைக்கும் வந்திருந்தது. மிதித்தால் அந்த வீட்டம்மா விடுவாளா? நடனசபாபதி ஓடவில்லை, தாண்டினார். பூசணிப்பூவைத் தாண்டி, மயிலைத் தாண்டி, ஒரு தாமரையை நொண்டியடித்துக் கடந்து வடக்குவீதி வந்து சேர்ந்தபோது தலை முழுக்கப் பனி. முதல் தும்மல் அங்கே வந்தது. அதற்குப் பிறகு தும்மலை எண்ணுவதை விட்டுவிட்டார். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. நொச்சி இலை போட்ட வென்னீர்ப் பாத்திரத்துக்கு மேலே போர்வைக்குள் குனிந்தபடி மத்தியானம்வரை சௌந்தரத்தின் வசவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் தன் தம்பி ஸ்ரீதரை வீடியோ காலில் கூப்பிட்டாள். கனடாவில் இருக்கிறான். கொட்டுகிற பனியில் குடும்பத்தோடு ஓடுகிறவன். குளிரில் ஓடுவதற்கு அவனைவிட்டால் யாரைக் கேட்பது?

"மூணு அடுக்கு போடணும் மாமா," என்றான் ஸ்ரீதர். "ஒடம்ப ஒட்டி வேர்வைய உறிஞ்சுற மாதிரி ஒண்ணு, அதுக்கு மேல சூட்டுக்கு ஒண்ணு, மேலாக்க காத்து புகாத ஜெர்கின். காட்டன் மட்டும் போடவே போடாதீங்க. வெளிய வந்ததும் லேசா குளுரணும், அதான் சரியான அளவு."

லேசாகக் குளிரவேண்டும் என்று சொன்ன பகுதியை சௌந்தரம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூன்று அடுக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். தன் தம்பியே சொல்லிவிட்டானே. இருட்டில் ஓடினால் வண்டிக்காரர்களுக்குத் தெரிகிறமாதிரி பளபளவென்று ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளவும் அவன் சொல்லித் தொலைத்தான்.

கனடாவில் எத்தனை டிகிரி, சிதம்பரத்தில் எத்தனை டிகிரி என்று அந்த வீட்டில் ஒருத்தராவது யோசித்தார்களா என்றால், இல்லை. மார்கழி வந்தால் ரோட்டோரத்தில் கம்பளி விரித்து உட்காருகிற வடக்கத்திக்காரரிடம் சௌந்தரம் எல்லாவற்றையும் வாங்கினாள். பனியன் மாதிரி ஒட்டிப் பிடிக்கிற முழுக்கைச் சட்டை ஒன்று, அதே துணியில் கால்சட்டை ஒன்று, தடித்த ஸ்வெட்டர், அதற்கும் மேலே மெத்தை வைத்துத் தைத்த ஜெர்கின், கையுறை. பச்சையாக மின்னுகிற மேல்சட்டையை ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கிவந்தாள். எல்லாவற்றையும் போட்டு முடித்தபோது நடனசபாபதியால் கையைத் தொங்கவிட முடியவில்லை. இரண்டு பக்கமும் விலகியே நின்றன.

மறுநாள் அந்தக் கோலத்தில், இந்தத் தடவை குல்லாவையும் கழற்றாமல், தெற்குவீதியில் இறங்கினார். பத்து வீடு தாண்டுவதற்குள் உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டது. சபாபதி மாதிரி இருக்கிறதே என்று கடைக்கு வருகிற ஒரு அம்மாள் நிறுத்தி, இவ்வளவு கடுமையாகக் கோயிலைச் சுற்றி ஓடுகிறீர்களே, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். உண்மையைச் சொல்லமுடியுமா? மாசம் நல்லா இல்லையே. மகளுக்காக என்று மட்டும் முனகினார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. குல்லாவைச் சற்றே விலக்கி நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். வீதி முனையில் ஒரு லாரிக்காரன் பச்சைச் சட்டையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ரோடு போடுகிற இடம் எது, எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகவேண்டும் என்று கேட்டான். இவர் கையை நீட்டி மேற்கே காட்டினார். காட்டாவிட்டால் அவன் போகிற மாதிரித் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கழற்றினால் சொட்டச் சொட்ட வேர்வை. வேர்வை ஆறி, குளிர்ந்து, மறுபடியும் தும்மல். சாயங்காலத்துக்குள் பாதித் தெரு, இலக்கியாவுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வந்துவிட்டது. ஸ்வெட்டர் விற்ற வடக்கத்திக்காரரின் மருமகள் சுவேதா வரைக்கும் விஷயம் போயிருந்தது. இலக்கியா எல்லாருக்கும் காபி போட்டுக்கொடுத்து அனுப்பிவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"எனக்காக இப்படியெல்லாம் பண்ணாதப்பா. அமையணும்னு இருந்தா அமையும்."

"அமையாம எங்க போவுது," என்றார் நடனசபாபதி. அதற்கு மேல் பேசினால் இருமல் வரும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் கடலூருக்குப் போனார்கள். குல்லாவைக் காவல்காக்க சௌந்தரமும் கூடவே வந்தாள். மேலே மின்னுகிற சட்டையை மட்டும் விட்டுவிட அவளை ஒப்புக்கொள்ளவைத்திருந்தார். மற்றதெல்லாம் உடம்பில் அப்படியே இருந்தது. சில்வர் பீச்சில் கடல்காற்று வீசியது. சௌந்தரம் சுக்குவென்னீர் ஃபிளாஸ்க்கோடு சுவரில் உட்கார்ந்துகொண்டாள். தெய்வத்தை வேண்டிக்கொண்டு நடனசபாபதி ஓட ஆரம்பித்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒருவர் எதிரே வந்தார். நடனசபாபதி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். வயது இவர் வயதுதான். ஜெர்கின், கையுறை, தலையில் காதை மூடிய குரங்குக் குல்லா. முகத்தில் கண்ணும் மூக்கும்தான் தெரிந்தன. அப்பாடா என்றிருந்தது. ஆரோக்கியப் பைத்தியமே குல்லா போட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. ஒரு வாரமாக இந்தக் குல்லாவுக்காகப் பட்ட பாடு என்ன, வாங்கிய வசவு என்ன.

அவரும் இவரைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தார்.

"ஒங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேங்க," என்றார், மூச்சு வாங்க.

"நானுந்தாங்க. புஷ்பவள்ளியம்மா சொன்னாங்களா?"

"அவுங்களேதாங்க."

பிறகு சந்தேகம் என்ன இருக்கிறது? பெயர், ஊர் என்று ஆரம்பித்தால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடும், மாசம் நல்லா இல்லை. ஆகையால் இரண்டு பேரும் கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசினார்கள். தான் தினமும் ஓடுவதாக இவர் சொன்னார். தானும் அப்படித்தான் என்று அவர் சொன்னார். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வேர்வை வழிந்தது. நின்றால் தேவலை என்று இவருக்கு உயிர் துடித்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவன் முதலில் நிற்கலாமா? அவரும் நிற்கவில்லை. அவர் வேகமெடுத்தால் இவர் எடுத்தார், இவர் எடுத்தால் அவர். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்த நேரத்தில் அவர் இருமினார். தொண்டையிலிருந்து அடிவயிறுவரைக்கும் போகிற அசல் இருமல். நடனசபாபதிக்குக் காதில் தேன் பாய்ந்தது. அடக்கிவைத்திருந்த தன் இருமலையும் அவிழ்த்துவிட்டார். இரண்டு பேரும் இருமிக்கொண்டே ஓடினார்கள்.

"எல்லாம் தை பொறந்ததும் பாத்துக்கலாங்க," என்று நடனசபாபதி இருமலுக்கு நடுவே சொல்லிப்பார்த்தார்.

"ஒங்க இஷ்டங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செஞ்சிரலாம். எங்களுக்குன்னு தனியா எதுவும் கெடையாது."

மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேசுகிற பேச்சா இது? நடனசபாபதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இல்லீங்க, ஒங்க இஷ்டம்தாங்க என்றார். அவர் விடவில்லை. இவரும் விடவில்லை. இப்படி ஒரு பண்பான மனுஷனின் வீட்டுக்குப் போக இலக்கியா கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியில் கொளஞ்சியம்மாள் என்கிற கிழவியின் டீக்கடைக்கு எதிரில், யார் முதலில் நின்றார்கள் என்று சொல்லமுடியாதபடி இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெஞ்சில் விழுந்தார்கள். கையுறையை உருவினார்கள், குல்லாவைக் கழற்றினார்கள். இரண்டு வழுக்கையிலிருந்தும் ஆவி கிளம்பியது. நடனசபாபதி கொஞ்சம் தள்ளிப்போய் மகளுக்குப் போன் போட்டு, தங்கமான மனுஷங்கம்மா, முடிஞ்ச மாதிரிதான் என்றார். அந்தப் பக்கம் இலக்கியா "நெஜமாவாப்பா?" என்று கேட்டாள். அவள் அப்படி ஒரு குரலில் பேசி எத்தனை நாளாகிவிட்டது.

திரும்பி வந்தால் அவர் டீக்குக் காசு எடுத்துக்கொண்டிருந்தார். நடனசபாபதி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் கொடுப்பேன் என்றார் இவர், அதெப்படி, நான் குடுக்கறதுதாங்க முறை என்றார் அவர். நான் இருக்கும்போது நீங்கள் கொடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று ஆளுக்கொரு நோட்டை நீட்டி, கிழவியின் மூக்குக்கு நேரே மல்லுக்கட்டினார்கள். சௌந்தரம்கூட எழுந்து ஓடிவந்து, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, தங்களையே கொடுக்கவிடும்படி கெஞ்சினாள்.

கொளஞ்சியம்மாள் பால் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"ரெண்டு பேரும் காச உள்ள வையுங்க சாமி. அதோ, கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு காருல குந்தி பாத்துக்கிட்டு இருக்காரே மாப்ளயோட அப்பா, மார்கழி முடியறவரைக்கும் பொண்ணப் பெத்தவுங்க யாரு ஓடியாந்தாலும் ஆளுக்கு ஒரு டீ குடுக்கச் சொல்லியிருக்காரு."