வண்டிய வுடு, மாமா!

விழுவது எப்படி என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், மின்விசிறிக்கு நேர் கீழே, காபியோடு.

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் வந்தால் என்னைத்தான் தேடுவார்கள். அங்கே கவிதை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் (மற்றவர்களுக்கு வேலை தெரியும்). அந்த வருடத் தலைப்பு: மோட்டார் சைக்கிளில் போகும்போது மோதலைத் தவிர்க்கவே முடியாது என்றாகிவிட்டால் என்ன செய்வது? நாலு பேரிடம் கேட்டு, உருகி உருகி எழுதினேன். ‘முடிந்தவரை வேகத்தைக் கொல். மெத்தென்ற இடம் பார். இரும்பை விடு, அது உன் உறவல்ல. கையை நீட்டாதே, பூமி உன்னோடு கைகுலுக்க வரவில்லை. தாடையை நெஞ்சில் புதை. பந்தாகு. உருள்.’ கைதட்டினார்கள். அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே வீட்டிலும் வாசித்தேன். மனைவி தேவி, “சாம்பார் தீயுது” என்று எழுந்து போனாள். அவள் தம்பி தினேஷ் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான். (அவன் போனில் சார்ஜ் இல்லை.)

அந்த தினேஷுக்குத் திருவேற்காட்டில் ஒரு பெண் அமைந்தது. ரேவதி, எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். ஜாதகம், சம்பளம் எதையும் அவள் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை: வண்டியில் பறக்கிற ஆள் வேண்டாம். நாள் முழுக்க மாவுக்கட்டுகளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஒரு மாவுக்கட்டைப் பார்க்க முடியாதாம். அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தினேஷ் சைக்கிளைக்கூட முந்தாமல் ஓட்டினான்.

பெண் பார்க்கும் ஞாயிறன்று எல்லோரும் பட்டாபிராமிலிருந்து வேனில் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சட்டை மட்டும் இஸ்திரிக் கடையிலிருந்து வரவில்லை. சட்டைக்காக மாப்பிள்ளையும், மாப்பிள்ளைக்காக நானும் நின்றோம். வேன் ஜன்னலிலிருந்து தேவி விரலை ஆட்டினாள்.

“என் தம்பி ஒரு கீறல் இல்லாம வந்து சேரணும். இன்னா, புரியுதா?”

சட்டை வந்தது. ஹெல்மெட்டை நீட்டினேன்.

“மாமா, இப்பத்தான் முடி செட் பண்ணிக்கினு வந்துகீறேன்.”

“முடி போனா வளரும் மாப்ளே. போடு.”

அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஆவடி தாண்டியதும் ஏரிக்காற்று சட்டைக்குள் புகுந்து புறாவாகப் படபடத்தது. வெயில் தண்ணீரில் சில்லறையாய்ச் சிதறிக் கிடந்தது. எனக்கு வரிகள் ஊறின. (வண்டி ஓட்டும்போது ஊறக்கூடாத ஒரே திரவம் அது.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் தென்காசிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வண்டியை ‘ஓட்டுவார்கள்’. இந்த ஊரில் ‘வுடுவார்கள்’. ஷேர் ஆட்டோவின் கூரையைத் தட்டி “வுடு, வுடு” என்றால், கிளம்பு, சீக்கிரம் போ என்று பொருள். வந்த புதிதில் முழித்தேன். பிறகு இந்த ஊர்ப் பேச்சைக் கரைத்துக் குடித்துவிட்டதாக மாமனார் வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ரேவதி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். முன்னால் போன தண்ணீர் லாரி தெருவைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. ஒரு வாசலிலிருந்து யாருடையதோ ஒரு வேன் பின்பக்கமாக வந்து மொத்தத் தெருவையும் அடைத்தது. பிரேக்கை அழுத்தினேன், சக்கரம் வழுக்கியது. நிற்காது என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம், பாதி கட்டிய வீட்டின் முன்னால் மணல் குவியல். மெத்தென்ற இடம்! அதை நோக்கித் திருப்பினேன். வேகமும் குறைந்துகொண்டே வந்தது. அதுவரை எல்லாம் என் கவிதைப்படியே நடந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு அலறல். “வுடு மாமா! வண்டிய வுடு!”

இரும்பை விடு என்ற என் வரியைத்தான் அவன் எனக்கே ஒப்பித்தான். தென்காசிக் காது கேட்டிருந்தால் கைப்பிடியை விட்டிருப்பேன். கேட்டது கற்றுக்கொண்ட காது. ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

மணலில் ஏறிய வேகத்தில் தினேஷ் பின்னால் உதிர்ந்தான். நான் வண்டியோடு உச்சிக்குப் போனேன். ஒரு கணம் திருவேற்காடு முழுவதும் தெரிந்தது: கோபுரம், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், மொட்டைமாடியில் காயும் யாரோ ஒருவரின் மஞ்சள் சேலை. அழகாகத்தான் இருந்தது. அடுத்த கணம் மறுபக்கம் சரிந்து, செங்கல் நனைக்கும் தொட்டியை அடைந்தேன். போகிற போக்கில் வலது கையை நீட்டி, பூமியோடு நன்றாகக் கைகுலுக்கினேன்.

“மாமா! உயிரோட கீறியா?”

“நீதானடா வுடுன்னு சொன்னே!”

“வண்டிய வுடச் சொன்னா, வண்டிய வுடுறியே மாமா!”

(இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்ல இன்றுவரை எந்தத் தமிழாசிரியரும் கிடைக்கவில்லை.)

கோணிப்போன வண்டியைத் தினேஷ் தள்ள, நான் சொட்டச் சொட்டப் பின்னால் நடந்தேன். கேட்டைத் திறந்த பெண்ணின் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“சம்ப் தொட்டி கழுவ வந்தவங்களா? பின்பக்கமா போங்கப்பா. இன்னிக்கு ஊட்ல விசேசம்.”

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து தேவி எட்டிப் பார்த்து, “ஐயோ, என் தம்பி!” என்றாள். (கட்டிய கணவன் நானும் அதே வாசலில்தான் நின்றிருந்தேன்.)

தினேஷின் முகத்தில் மணலுக்கடியில் ரத்தமே இல்லை. காபித் தட்டு இல்லாமல், வெறும் கையோடு ரேவதி வந்து நின்றாள்.

“வண்டி ஓட்டுனது யாரு?”

“நான்தாம்மா. அவன் பின்னாலதான் இருந்தான்.”

அவள் தினேஷிடம் திரும்பினாள். “கையக் காட்டுங்க.”

நீட்டினான். மணல் இருந்தது, சிராய்ப்பு இல்லை. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“எப்படி விழுந்தீங்க?”

“கைய மடக்கிக்கினு, தாடைய நெஞ்சுல வெச்சிக்கினு, பந்து மாதிரி உருண்டேங்க. மாமா எழுதின கவிதைல கீது.”

ரேவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வார்டுக்கு வர்றவங்க எல்லாம் கைய ஊனித்தான் விழுவாங்க. சொன்னதக் கேட்டு விழுந்த ஆள இப்பத்தான் பாக்குறேன்.” பிறகு அம்மாவைப் பார்த்து, “எனக்குச் சரிம்மா” என்றாள்.

தினேஷ் மணலோடு சிவந்தான். நான் நிம்மதியில் மூச்சு விட்டபோதுதான் மணிக்கட்டு வீங்கியிருப்பது உறைத்தது. அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, கையக் குடுங்க.”

இரு வீட்டாரும் பூத்தட்டுகளும் சூழ, ரேவதி என் கையைப் பிடித்து, ஐஸ் வைத்து, துணி சுற்றினாள். தேவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி! பொண்ணு மொதல்ல கையப் புடிச்சது என் ஊட்டுக்காரரயா!”

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். இன்னும் நிறுத்தவில்லை. முகூர்த்தத்தன்று ஐயர், “பொண்ணு கையப் பிடிங்கோ” என்றதும், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேவி நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள். மணமேடையை ஒருவரும் பார்க்காத கல்யாணம். மூன்றாவது வரிசையில் ஒருவன், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.