அஞ்சாங்கிளாஸ் குல்சும்

“உங்க ஊட்ல குல்சும்னு யாரு பாய்?”

தபால்காரர் தேசப்பன் கையில் ஒரு கார்டோடு கடை வாசலில் நின்றார். கும்மிடிப்பூண்டி பஜாரில் போல்ட்டு நட்டுக் கடை வைத்திருக்கும் அசன் முகைதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. வீட்டில் அவனையும் ரஷீதாவையும் விட்டால் ஒரு பூனைதான் பாக்கி.

“சொந்தக்காரப் பொண்ணு. குடுங்க, குடுங்க!”

கார்டைப் பிடுங்கிப் படித்தான். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

‘அன்புக் குழந்தை குல்சும், ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். கதையை முடிக்குமுன் உன்னோடு பேச வேண்டும். - மீசை மாமா.’

மீசை மாமாவே வருகிறார்! ‘சிங்காரச்சிட்டு’ பத்திரிகையில், முறுக்கு மீசைப் படத்துக்குக் கீழே மாயக்கதை எழுதுகிறவர். அறுபத்தொன்றில், பன்னிரண்டு வயசுப் பையனாக ‘உப்புக்கோட்டை’ தொடர்கதையில் நுழைந்தவன் அசன். அது முடிந்து ‘ஏழு நிழல் ராஜா’, அதுவும் முடிந்து இப்போது ‘பறக்கும் எருமை’. இதற்குள் அவனுக்கும் மீசை வந்தது, கடை வந்தது, பெண்டாட்டி வந்தாள். ஆனால் வியாழக்கிழமை ரயிலில் பத்திரிகைக் கட்டு இறங்கும்போது ஸ்டேஷனில் போய் நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வாசகர் கடிதத்தில்தான் வம்பு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுதக் கூடாதாம். என்ன செய்வான்? ‘குல்சும், ஐந்தாம் வகுப்பு’ என்று எழுதிப் போட ஆரம்பித்தான். பாவம் குல்சும், அன்றிலிருந்து வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கதையில் இப்போது கருமுகில் என்ற அந்த எருமை, இறக்கையில் தீப்பிடித்துக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த இதழில் முற்றும். கருமுகில் செத்துவிடுமோ என்று அசனுக்குச் சோறே இறங்கவில்லை.

“பொண்ணு ஊருக்குப் போயிட்டான்னு எழுதிப் போட்டுடுங்களேன்” என்றாள் ரஷீதா.

“அப்புறம் அவரு வரமாட்டாரே! கருமுகிலை யாரு காப்பாத்துறது?”

“அப்படின்னா ஒரு பொண்ணைத் தேடிப் புடிங்க.”

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் மகள் செல்வியை, ஒரு பொட்டலம் தேன்மிட்டாய்க்குப் பேசி முடித்தான். பாடம் ஆரம்பமாயிற்று.

“உன் பேரு இன்னா?”

“குல்சும்.”

“பலே! என்னை அத்தான்னு... இல்ல இல்ல, அத்தா! அப்பாவுக்குப் பதிலா அத்தா அப்படின்னு கூப்புடணும்.”

“சரி பாய்.”

“எருமை சாவக்கூடாதுன்னு கேக்கணும். கேப்பியா?”

“இன்னொரு பொட்டலம் குடுத்தா கேப்பேன்.”

யார் வருகிறார் என்று கோவிந்தம்மா குடைந்தெடுத்தாள். எருமைக் கதை எழுதுகிறவர் என்று சொன்னால் மானம் போகுமே! “மெட்ராஸ் கம்பெனிக்காரரு” என்று சொல்லி வைத்தான். ஞாயிறு காலையில் கதவைத் திறந்தால், புதுசாய் வரப்போகும் பாக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெருவே தலைவாரிப் பவுடர் போட்டு நின்றது.

மீசை மாமா குதிரை வண்டியிலிருந்து இறங்கினார். படத்தில் இருந்த அதே முறுக்கு மீசை! கூடவே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

“என் தங்கச்சி விக்டோரியா. டீச்சரா இருக்கு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் மொய்த்துக்கொண்டது.

“சார், என் பையன் பத்தாவது பாஸு!”

“எனக்கு வெல்டிங் தெரியும் சார்!”

அசன் இருவரையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைத் தாழிட்டான். பட்டுத்துணியை முக்காடு போட்டுக்கொண்டு செல்வி நின்றாள்.

“நீதான் குல்சும்மா? அப்பா பேரு என்னம்மா?”

“பாய்” என்றாள் செல்வி.

அசன் குறுக்கே பாய்ந்தான். “கூச்சம் சார், கூச்சம்! எருமையைப் பத்திக் கேளும்மா.”

“எங்க எருமை நேத்து கன்னு போட்டுச்சு.”

“ரொம்ப சந்தோஷம்” என்று மீசை மாமா தட்டிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அசனுக்குப் பொறுக்கவில்லை. “கருமுகில் பொழைச்சிடுமா சார்?”

“அது யாரு?” என்றவர், தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஓ, அதுவா! அதெல்லாம் சஸ்பென்ஸ். பிரியாணி வாசனை ஆளைத் தூக்குதே!” என்றார்.

எவ்வளவு அடக்கம் பாரேன் என்று அசன் உருகிப்போனான். ஆனால் அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பிரியாணி முடிந்ததும் அவரும் செல்வியும் கூடத்தில் உட்கார்ந்து தேன்மிட்டாயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொல்லைப்புறத்தில் விக்டோரியா டீச்சருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினான்.

“குல்சும் நெஜமாவே அஞ்சாவதுதான் படிக்கிறாளா?” என்று அந்த அம்மாள் மெல்லக் கேட்டாள்.

அவ்வளவுதான், அசன் உடைந்துவிட்டான்.

“குல்சும் நான்தாங்க! எங்கத்தா மௌத்தாகி அடக்கம் பண்ண வாரம் நான் ஊட்டை உட்டு வெளிய வரல. அந்த வாரம்தான் உப்புக்கோட்டை ராணி ஒத்தையா ஓடத்துல கடலைத் தாண்டினா. அவளே தாண்டிட்டாளேன்னு மறுநாள் போய்க் கடையைத் தொறந்தேன். கருமுகிலும் சாவக்கூடாதுங்க. உங்க அண்ணன்கிட்ட நீங்களாவது சொல்லுங்க.”

அந்த அம்மாள் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சாவாது” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்கால வண்டிக்கு அவர்கள் கிளம்பிப் போனதும், அசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

“இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேனே ரஷீதா! எழுதறவரு ஊடு தேடி வந்தும், அவராண்ட மனசுல இருக்கறதைச் சொல்ல முடியலியே. தங்கச்சிகிட்ட பொலம்பினதுதான் மிச்சம்.”

செல்வி கடைசித் தேன்மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

“அந்த மீசைக்காரருக்கு எருமை கதையே தெரியாதாம் பாய். நான் முட்டாய்க்கு வந்தா மாதிரி அவரு பிரியாணிக்கு வந்தாராம். எழுதறதெல்லாம் அந்த டீச்சரம்மாதானாம்!”